தச்சரைப் பாடிய முனிவர்

கேள்வி: சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறேன். கத்தோலிக்க அறிஞர் ஒருவர் பைபிளையும் இயேசுவையும் பற்றித் தமிழில் எழுதியதைப் படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’யில் தொடங்குங்கள். 1680-ல் இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி என்ற இயேசு சபைப் பாதிரியார்தான் வீரமாமுனிவர். 1726-ல் முடித்த இந்தக் காவியத்தில் 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள்.

காவியத் தலைவர் இயேசு அல்ல. அவரை வளர்த்த தச்சர் சூசை. நான்கு நற்செய்திகளிலும் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவரைத்தான் முனிவர் நாயகனாக்கினார். நாட்டுப் படலத்தில் யூதேயா நாடே மழையும் ஆறும் வயலுமாகத் தமிழ்நாடுபோல் விரிகிறது. மோசே, தாவீது கதைகளும் கிளைக்கதைகளாக வருகின்றன.

ஒன்று, இது காவியம். வரலாறாகக் கொள்ள வேண்டாம். முதலில் மத்தேயு, லூக்கா நற்செய்திகளின் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்துவிடுங்கள். பைபிள் எங்கே நிற்கிறது, கவிஞரின் கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடும். செய்யுள் கடினம்; உரையுள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு செய்தி: மே 1-ஐத் தொழிலாளர் சூசையின் திருநாளாகப் போப் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது 1955-ல்தான். முனிவர் அதற்கு இரு நூற்றாண்டு முந்திக்கொண்டார்!