தொக்கு பாட்டிலுக்கு லேபிள்: இங்க்ஜெட்டா, லேசரா?

ராயக்கோட்டை வட்டாரம் தக்காளிக்குப் பெயர் பெற்றது. வரத்து குவிந்து மண்டியில் விலை இறங்கும் நாட்களில், பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் விவசாயிகள் உண்டு. அந்தப் பழத்தைத் தொக்காகக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, ஓசூர், பெங்களூர் கடைகளுக்குக் கொடுத்தால் சில மாதம் வைத்து விற்க முடியும். ஆனால் தொக்கு எவ்வளவு ருசியாக இருந்தாலும், லேபிளில் தேதி கரைந்து போயிருந்தால் கடைக்காரர் அந்தப் பாட்டிலை அலமாரியில் வைக்கமாட்டார். எனவே லேபிள் அச்சிடப் பிரிண்டர் வாங்க விரும்புகிறவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன், தங்கள் லேபிளில் எண்ணெயும் ஈரமும் படுமா என்பதை யோசிக்க வேண்டும்.

இப்போது வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையை நுண்ணிய துளைகள் வழியே தாளில் தெளிக்கிறது. 1977-ல் ஜப்பானில் கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சு ஊசியின் மீது ஈயப்பற்று வைக்கும் சூடான இரும்பு தற்செயலாகப் பட்டு, ஊசி முனையில் மை தெறித்தது. இங்க்ஜெட்டில் ஒரு வகை அப்படிப் பிறந்ததுதான். லேசர் பிரிண்டரில் மை கிடையாது. டோனர் என்னும் பிளாஸ்டிக் கலந்த தூளைத் தாளில் படியவைத்து, சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருக்கி ஒட்டுகிறது. அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் 1938-ல் செய்து காட்டிய உலர் நகல் முறையிலிருந்து இது வந்தது. ஜெராக்ஸ் மெஷினும் லேசரும் ஒரே குடும்பம். ஜெராக்ஸ் தாள் மழையில் நனைந்தால் தாள் கிழியுமே தவிர எழுத்து கரைவதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

இங்க்ஜெட் மையிலும் இரண்டு ரகம் உண்டு. டை மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். ஈரம் பட்டால் பரவும், வெயிலில் வெளுக்கும். பிக்மெண்ட் மையில் நிறம் நுண்தூளாக இருப்பதால் ஈரத்தை ஓரளவு தாங்கும். சில இங்க் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட், மற்ற வண்ணங்கள் டை. இது தெரியாமல் வாங்கினால் எழுத்து நிற்கும், வண்ணம் ஓடிவிடும். வாங்கும்போதே கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பச்சைப் புள்ளி

வண்ணம் ஓடினால் என்ன, எழுத்து இருந்தால் போதாதா என்று நினைக்கக் கூடாது. சைவ உணவுப் பொட்டலத்தில் பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தாக வேண்டும். முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை உள்ள சிறு பொட்டலத்தில் அந்த வட்டத்தின் குறுக்களவு 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கறுப்பு மட்டும் அச்சிடும் மலிவான லேசரில் இந்தப் பச்சை வராது. கலர் லேசரோ விலை அதிகம், அதில் நான்கு டோனர் மாற்ற வேண்டும்.

இதற்குச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. பெயர், படம், பச்சைக் குறி, உள்ளடங்கிய பொருட்கள், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஆகிய மாறாத விவரங்களை அச்சகத்தில் ஒரே தடவையாக லேசர் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். சமையலுக்குச் சமையல் மாறும் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், விலை ஆகியவற்றுக்கு வெற்றிடம் விட்டு, அதை மட்டும் கறுப்பு லேசரில் அச்சிடலாம். அச்சக மையும் லேசர் சூட்டைத் தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய விலைக்கு மேல் கூடுதல் விலைச் சிட்டு ஒட்டும் பழக்கத்தை 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் அனுமதிப்பதில்லை.

இன்னொன்று. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழும் கன்னடமும் கூடுதலாகச் சேர்க்கலாம். பெங்களூர் கடைக்குப் போகும் சரக்கில் கன்னடப் பெயர் இருந்தால் வாங்குபவர் கை தயங்காது.

ஸ்டிக்கர் தாள்

பெரும்பாலான தொல்லைகள் தாளில்தான் வருகின்றன. இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் வினைல் ஸ்டிக்கரை லேசரில் செலுத்தினால் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். ரிப்பேர் செலவு பிரிண்டர் விலையை நெருங்கினாலும் ஆச்சரியமில்லை. பாதி லேபிளை உரித்த தாளை மறுபடி உள்ளே விடக் கூடாது. அதே போல, பூச்சு இல்லாத வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட் மை காயாமல் கையோடு வந்துவிடும். லேசருக்கும் குறை உண்டு. வழவழப்பான தாளில் தூள் மேலோடு நிற்பதால் சுரண்டினால் உதிரும், மடித்தால் வெடிக்கும்.

கேழ்வரகு மாவு, சத்துமாவு போன்ற உலர்ந்த சரக்குக்கு இங்க் டேங்க் பிரிண்டரும் காகித ஸ்டிக்கரும் தாராளமாகப் போதும். தொக்கு, ஊறுகாய், மாம்பழக்கூழுக்கு லேசரே மேல். எடை மெஷின் சீட்டுப் போலச் சூட்டில் கறுக்கும் தெர்மல் தாள் மாதக்கணக்கில் நிற்கும் பாட்டிலுக்கு ஏற்றதல்ல. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கும், அல்லது தாளே கறுத்துவிடும்.

செலவைப் பார்க்கும்போது விளம்பரத்தில் சொல்லும் பக்கக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். தாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில் மட்டும் அச்சு விழுவதாக வைத்துப் போடும் கணக்கு அது. முழுச் சிவப்பில் தக்காளிப் படம் போட்டால் மை பல மடங்கு இறங்கும். ஒரு தாளுக்கு 12 லேபிள் என்றால் 240 பாட்டிலுக்கு 20 தாள் போதும். மாதம் 20 தாளுக்காகப் பிரிண்டர் வாங்குவதைவிட, ஸ்டிக்கர் தாளை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடையில் அச்சிடுவதே லாபம். மேலும் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் இங்க்ஜெட்டில் துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். தக்காளி சீசனுக்கு மட்டும் வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது. டோனர் தூள் அப்படிக் காய்வதில்லை. மின்சாரத்தில் மட்டும் இங்க்ஜெட் முந்துகிறது. அதற்குச் சில வாட்டுகளே போதும். லேசர் சூடேறும்போது 500 வாட்டுக்கு மேல் இழுப்பதால் சிறு யு.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது.

எதை வாங்கினாலும் முன்னதாக ஒரு தாள் அச்சிட்டுச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் காயவிட்டு, வெளிப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து ஆறிய பாட்டிலில் ஒட்ட வேண்டும். ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுத்து, பாட்டில் வேர்த்ததும் எண்ணெய் தொட்ட விரலால் தேதியின் மேல் பத்துத் தடவை தேய்த்துப் பார்க்கவும். தேதியும் பச்சைப் புள்ளியும் அப்படியே இருந்தால் அந்தப் பிரிண்டரும் தாளும் மையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.