கயிற்றளவும் மூலைவிட்டமும்

ஆலயமாயினும் வீடாயினும் கட்டட வேலை முளையடித்துக் கயிறு கட்டுவதிலேயே தொடங்குகின்றது. அன்று நேரும் கோணல் பின்னர் சுவரிலும் கூரையிலும் வெளிப்படும். அப்பொழுது இடித்துத்தான் திருத்த வேண்டும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் வாகரைப் பிரதேசத்தில் புதிதாக அத்திவாரம் வெட்டிய குடும்பங்கள் பல. வீட்டுக்காரர் தாமே அளவைச் சரிபார்க்கும் வழி, பாடசாலைக் கேத்திரகணிதத்தின் மூலைவிட்டப் பாடத்தில் உள்ளது.

12 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கங்களும் அளவு சரியென்றால் போதும் எனப் பலர் எண்ணுவர். எதிர்ப்பக்கங்கள் சமமாயின் அவ்வுருவம் இணைகரம் என்பது மட்டுமே உறுதி. ஆட்டங்கண்ட கட்டிற்சட்டம் சரியும்போதும் பக்க அளவுகள் மாறுவதில்லை; மூலைகளே மாறுகின்றன.

ஆகவே மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரு மூலைவிட்டங்களையும் அளத்தல் வேண்டும். அறை செவ்வகமாயின் இரண்டும் 20 அடியாக இருக்கும். ஒன்று 19 அடியாயின் மற்றது ஏறத்தாழ 20 அடி 11 அங்குலமாக நீண்டிருக்கும். அவ்வாறாயின் ஒரு பக்கத்து முளைகளை அசைக்காது, எதிர்ப்பக்கத்து இரு முளைகளையும் பக்க அளவு மாறாமல் நகர்த்திச் சமப்படுத்தலாம். மூலைவிட்டங்கள் மட்டும் சமமாயிருத்தல் போதாது. சில சரிவகங்களிலும் அவை சமமாகும். எதிர்ப்பக்கங்களும் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால்தான் அது செவ்வகம்.

இவ்வறிவு நம் முன்னோருக்குப் புதிதன்று. வேள்விப் பீடங்களை அளந்தமைக்கும் முறைகளைக் கூறும் சுல்ப சூத்திரங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. சுல்பம் என்றால் கயிறு. செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் அமையும் சதுரம், நீளத்திலும் அகலத்திலும் அமையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று போதாயனர் கூறியுள்ளார். நமது அறையில் 144 உடன் 256 ஐக் கூட்ட 400. அதன் வர்க்கமூலம் 20.

சாய்சதுரத்துக்கும் அங்கு இடமுண்டு. காத்தியாயனர் முறைப்படி, சமதரையில் சங்கு எனும் கோலை நாட்டி, அதனைச் சுற்றி வட்டம் வரைவர். நிழலின் நுனி காலையிலும் மாலையிலும் வட்டத்தைத் தொடும் இடங்களில் முளையடித்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். பின்னர் அம்முளைகளின் இடைவெளியைப்போல் இரு மடங்கு நீளக் கயிற்றின் இரு நுனிகளையும் அவற்றில் மாட்டி, நடுப்பகுதியைப் பிடித்துத் தெற்கே இழுத்து ஒரு குறியும், வடக்கே இழுத்து ஒரு குறியும் இடுவர். இரு குறிகளையும் இணைப்பது வடக்குத் தெற்குக் கோடு.

கயிறு நான்கு முறையும் ஒரே நீளமாதலால் அங்கே உருவாவது சாய்சதுரம். அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் இருசமக்கூறிடும். ஆனால் அவை சமமாக இருக்க வேண்டியதில்லை. செவ்வகத்திலோ மூலைவிட்டங்கள் சமம். செங்கோணத்தில் வெட்ட வேண்டியதில்லை. இவ்விரு இயல்புகளும் ஒருங்கே அமைந்த உருவமே சதுரம்.

பரீட்சைக்காகத் தேற்றத்தை மனனம் செய்யும் பிள்ளைகள், ஆலய வீதி மணலில் நான்கு குச்சிகளும் ஒரு கயிறும் கொண்டு இதனைச் செய்து பார்ப்பார்களாயின் அது என்றும் மறவாது. நாளை அவர்கள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் நாளிலும் கைகொடுக்கும்.