வெப்பமும் உப்பும்

"வெந்நீரில் உப்பு அதிகமாகக் கரையும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த உப்பு என்று கேட்டால்தான் சங்கடம். வேதியியலில் உப்பு என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். நம் சமையலறை உப்பாகிய சோடியம் குளோரைடு அக்குடும்பத்தில் சற்றுப் பிடிவாதமுள்ளது.

20° செல்சியஸ் வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் சாதாரண உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் இட்டால் அடியில் தங்கிவிடும். இதுவே பூரிதக் கரைசல். நீரை 100° வரை சூடாக்கினாலும் சுமார் 39 கிராம்தான் கரையும். இவ்வளவு விறகு எரித்து நாம் பெற்ற இலாபம் மூன்றே கிராம்!

வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட்டின் குணம் வேறு. அதே 100 கிராம் நீரில் 20° வெப்பநிலையில் 32 கிராம் கரைகிறது. 60° வெப்பநிலையில் 110 கிராம் கரைகிறது. காரணத்தைக் கையாலேயே உணரலாம். வெடியுப்பைக் கரைக்கும்போது முகவை சில்லென்று ஆகிறது. கரைவதற்கு அது வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகவே வெப்பம் கொடுத்தால் மேலும் கரைகிறது. சாதாரண உப்பு கரையும்போது உறிஞ்சும் வெப்பம் மிகக் குறைவு. சுண்ணாம்போ நேர்மாறானது. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சூடாக்கினால் அது கலங்கும். சூட்டில் அதன் கரைதிறன் குறைகிறது.

இவ்வேறுபாட்டைக் கொண்டே பீகாரில் அக்காலத்தில் வெடியுப்பைச் சுத்தம் செய்தார்கள். உவர்மண்ணை நீரில் ஊறவைத்து வடித்துக் காய்ச்சி, ஆறவிட்டார்கள். ஆறும்போது வெடியுப்பு படிகமாக இறங்கியது; அத்துடன் கலந்திருந்த சாதாரண உப்பில் பெரும்பகுதி பிரிந்துபோயிற்று.

தூத்துக்குடி உப்பளத்தில் இந்த உபாயம் பலிக்காது. பூரிதமான உப்புநீரை எவ்வளவு குளிரவைத்தாலும் மிகச் சிறிதளவு உப்புதான் கிடைக்கும். எனவே நீரையே போக்கியாக வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள சாதாரண உப்பு சுமார் 27 கிராம்தான். அது படியத் தொடங்குமுன் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிவிட வேண்டும். ஆகவேதான் அத்தனை பாத்திகள், அத்தனை வெயில், அத்தனை காற்று! முன்பாத்திகளில் ஜிப்சம் முதலில் படிகிறது. பிறகு உப்பு விளையும் பாத்திகளுக்கு நீரைப் பாய்ச்சுகிறார்கள். மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் நிறைந்திருக்கும். அதை வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும், ஈரமும் கசியும்.

வெயில் ஏற ஏற விளைச்சல் நன்றாகும். வாருபவர்களின் பாடு அதிகமாகும். அவர்களில் பலர் பெண்கள். கால்களும் கண்களும் அந்த உப்புநீரிலும் வெண்ணொளியிலும் பழுதடைகின்றன. வடகிழக்குப் பருவமழை வந்தாலோ வேலையே நின்றுவிடும். வாராமல் விட்ட உப்பு அந்த மழையில் பாத்தியிலேயே கரைந்துபோகும். அதற்கு வெந்நீர் தேவையில்லை.