வீடின்றி நெடுநாள் வாழ்வோர்

ஒருவர் வீட்டை இழத்தல் வேறு. இழந்தபின் வருஷக்கணக்காக வீதியிலேயே தங்கிவிடுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே இப்பொருள் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் வழிதவறிச் செல்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்கார் பின்னவர்க்கு ஒரு வரையறை வகுத்துள்ளது. தீரா நோயோ உறுப்புக்குறையோ உடைய ஒருவர் 12 மாதம் இடைவிடாது வீடின்றி இருந்தாலும், 3 வருஷத்துள் 4 முறையாகவேனும் அவ்வளவு காலம் இருந்தாலும், அவ்வகையினராவர். நம் நகரங்களின் நடைபாதைகளிலே தலைமுறையாகக் குடும்பத்தோடு வாழ்ந்து கூலிவேலை செய்வோர் நிலை வேறு. அதனை இங்கு ஆராயப் புகுந்தோமில்லை.

நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் புகலிடக் கணக்குகளைக் குன், கல்ஹேன் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1998-ஆம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தனியராய் வந்தோரில் 100-க்கு ஏறக்குறைய 80 பேர் சிறிது காலம் தங்கிச் சென்றுவிட்டனர். ஏறக்குறைய 10 பேரே நீங்காது தங்கினர். எனினும் புகலிடங்கள் இடந்தந்த மொத்த நாட்களில் ஏறத்தாழப் பாதி இப்பத்துப் பேருக்கே செலவாயிற்று. மற்றவர் எழுந்து சென்றபோது இவர் ஏன் எழவில்லை? நாம் வினவற்பாலது இதுவே.

குடியும் சித்தநோயும் என்று விடைகூறுதல் எளிது. அது பொய்யன்று. ஆயின் குடியரும் சித்தநோயினரும் எக்காலத்தும் உளர். முன்னாளில் அவர்கட்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று சித்தநோய் வைத்தியசாலை. 1955-இல் அந்நாட்டு மாகாண வைத்தியசாலைகளில் ஏறக்குறைய 5,58,000 பேர் இருந்தனர். 1994-இல் ஏறக்குறைய 72,000 பேரே. புதிய மருந்துகள் தோன்றின. அடைத்துவைக்கும் கொடுமையும் வெளிப்பட்டது. கதவுகள் திறந்தது நன்றே. ஆனால் வெளிவந்தாரை ஊருக்குள் வைத்துப் பேணுதற்கென 1963-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் எண்ணப்பட்ட நிலையங்களில் ஏறக்குறையப் பாதியே கட்டப்பட்டன.

மற்றொன்று மலிந்த வாடகை அறை. நியூயார்க் நகரத்துப் பௌவரி வீதி விடுதிகளில் ஓர் அறை கட்டிலொன்று கொள்ளுமளவே இருக்கும். தடுப்புச்சுவர் கூரையைத் தொடாது. மேலே கோழிவலைக் கம்பி. இன்பவாழ்வன்றுதான். எனினும் கதவு உண்டு, தாழ் உண்டு, நாட்கூலிக்காரனும் கொடுக்கத்தக்க வாடகை. இத்தகைய ஓரறை விடுதிகளைப் புதிதாய்க் கட்டலாகாதென்று நகரத்தார் 1955-இல் தடுத்தனர். பின்னர், இருந்தவற்றை உயர்ந்த குடியிருப்புகளாக மாற்றுவோர்க்கு வரிச்சலுகையும் அளித்தனர். இழிந்த அறையை ஒழித்தார். அதற்கு ஈடாக நல்லறை தந்தாரில்லை.

இதனை மெய்ப்பிப்பதொன்று உண்டு. மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் மயக்கமருந்தால் மடிவோர் மிகுதி, வீடிலாரோ குறைவு. வாடகை ஓங்கிய சான் பிரான்சிஸ்கோவில் வீடிலார் மலிந்துள்ளனர்.

வீதியில் வாழ்தலே பின்பு ஒரு தளையாகின்றது. உறக்கம் கெடுகின்றது; மருந்து களவுபோகின்றது; அடையாளப் பத்திரம் தொலைந்தால் வேலையும் வாடகையறையும் கிட்டா; முகவரியில்லார்க்குச் சர்க்கார் கடிதம் எங்ஙனம் சேரும்? இவற்றின்மேல், குடியை விடுக, மருந்து உண்க, அதன்பின் வீடு தருவோம் என்னும் நிபந்தனை. நீந்தக் கற்றபின் கரையேற்றுவோம் என்று வெள்ளத்தில் அகப்பட்டவனிடம் கூறுதலையே இஃது ஒக்கும்.

1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்னும் உளநூலார் இம்முறையைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, வைத்தியம் அவரவர் விருப்பம். ஐந்து வருஷங்கட்குப்பின் இம்முறையிற் சேர்ந்தோரில் 100-க்கு 88 பேர் வீட்டிலேயே நிலைத்தனர் என்றும், பழைய முறையில் 47 பேரே நிலைத்தனர் என்றும் 2000-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகின்றது. பின்லாந்து தேசம் 2008 முதல் இதனையே நாட்டுத்திட்டமாகக் கைக்கொண்டது. குடியும் நோயும் வீட்டினால் மாத்திரம் தீர்ந்துவிட்டன என்று எவரும் சொல்லற்க. பலர்க்கு அவை தீரவில்லை. நியூயார்க்கில் வீடு பெற்றோரிடம் வேண்டப்பட்டவை, வருமானத்தில் 100-க்கு 30 வாடகைக்குத் தருதலும், காணவரும் ஊழியரை உள்ளே விடுதலுமே.