தரவுத்தளம் நிறுவுதல்: உற்பத்தியாளர் கம்பெனி அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

நெல்லும் நிலக்கடலையும் எடை போட்ட கணக்கு முன்னர் ஏட்டில் இருந்தது. ஏடு பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இன்று உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் பலவற்றில் அக்கணக்கு சர்வர் எனப்படும் கணிப்பொறியில், தரவுத்தளம் என்னும் வடிவில் இருக்கிறது. அதனை நிறுவ வருபவர் ஒரே நாளில் வேலையை முடித்துச் சென்றுவிடுகிறார். அவர் செய்தது இன்னதென்று அங்கத்தினர்களும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

உதாரணமாகப் போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1986-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து இது வளர்ந்தது. இதற்கு விலையும் இல்லை, உரிமக் கட்டணமும் இல்லை. உபுண்டு முதலிய லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரே கட்டளையில், சில நிமிஷங்களில் நிறுவிவிடலாம். கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

நிறுவியவுடன் இம்மென்பொருள் அதே கணிப்பொறியினுள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே ஏற்கும். எடைமேடையிலுள்ள கணிப்பொறியும் இதனோடு தொடர்பு கொள்ள வேண்டுமாயின், இரண்டு மாறுதல்கள் வேண்டும். சர்வர் எந்த முகவரியில் அழைப்பை எதிர்பார்க்க வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் குறிக்க வேண்டும். யார் எங்கிருந்து வரலாம் என்பதை அனுமதிக் கோப்பில் எழுத வேண்டும். அனுமதிக் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பாகும். அதற்குக் கீழே எவ்வளவு கண்டிப்பான வரி இருப்பினும் பயனில்லை. 'டிரஸ்ட்' என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் கடவுச்சொல் கேளாமலே கதவு திறக்கும். அவசரத்திற்கு அவ்வாறு எழுதிவிட்டுப் பின்னர் மறந்துவிடுவோர் உண்டு. 'ஸ்கிராம்' என்னும் கடவுச்சொல் முறையை எழுதச் சொல்லுங்கள். சர்வரின் 5432 என்னும் வாயிலை வெளி இணையத்திற்குத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

அடுத்தது அதிகாரம். சகல அதிகாரமும் உடைய தலைமைக் கணக்கை அன்றாட வேலைக்கு உபயோகிக்கலாகாது. எடை பதிபவருக்குப் புதிய வரி சேர்க்கவும் பழையதைப் பார்க்கவும் உரிமை போதும். திருத்தவும் அழிக்கவும் வேண்டியதில்லை. பிழை நேர்ந்தால், பேரேட்டில் செய்வது போலவே, எதிர்ப்பதிவு போட்டுச் சரி செய்யலாம்.

தமிழ்ப் பெயர்களைப் பொறுத்த மட்டில், தரவுத்தளத்தை உருவாக்கும்போதே யூ.டி.எஃப்-8 குறியீட்டு முறையையும் தமிழ் வரிசை முறையையும் கேட்டுப் பெறுங்கள். இல்லையேல், அங்கத்தினர் பட்டியலில் 'வ'கரத்துக்குப் பின் வர வேண்டிய 'ழ'கரமும் 'ள'கரமும் அதற்கு முன்னே வந்து நிற்கும்.

மின்சாரம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: இம்மென்பொருள் ஒவ்வொரு மாறுதலையும் முதலில் நாள்வழி போன்றதொரு பதிவில் எழுதிவிட்டே, பேரேட்டைப் பின்னர் திருத்துகிறது. மின்சாரம் மீண்டதும் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டை ஒழுங்கு செய்துகொள்ளும். வேகத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லி 'எஃப்சிங்க்' என்னும் அமைப்பை நிறுத்திவிட எவரையும் அனுமதியாதீர்கள். இப்பாதுகாப்பு அதோடு போய்விடும்.

ஆனால் வட்டே பழுதானால் நாள்வழியும் உதவாது. இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்வையிட்டபோது, "நகல் எடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். "தினந்தோறும் எடுக்கிறோம்" என்றார்கள். கையொப்பமிட்டுத் திரும்பினேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அறுவடை முடிந்த சமயத்தில் சர்வரின் வட்டு பழுதாயிற்று. நகல்கள் யாவும் அதே வட்டில், வேறொரு பெயருடைய அறையில் இருந்தன! எடைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்த விவசாயிகள் கொண்டு வந்து காட்டிப் பணம் பெற்றனர். சீட்டைத் தொலைத்தவர்களில் மூதாட்டி ஒருவர், தாம் போட்டது பதினோரு மூட்டை என்று சொல்லிக்கொண்டே நின்றார். சாட்சி சொல்ல அண்டை வயல்காரர் வரும்வரை அவரை மூன்று முறை நடக்க வைத்தோம்.

போஸ்ட்கிரெஸில் நகல் எடுப்பதற்கென்றே 'பி.ஜி. டம்ப்' என்னும் கருவி இருக்கிறது. அதை இரவுதோறும் தானே ஓடும்படி அமைக்கலாம். அது ஒரு தரவுத்தளத்தின் கணக்கை மட்டும் எடுக்கும். பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் அடங்கா. அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். நகல் ஒன்று சர்வர் உள்ள கட்டடத்திற்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒரு முறை, வேறொரு கணிப்பொறியில் அந்நகலைக் கொண்டு கணக்கை மீட்டெடுத்து, ஏதேனும் பத்து எடைச்சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். எந்தத் தேதியில் யார் மீட்டுப் பார்த்தார், எந்தச் சீட்டுகள் ஒத்திருந்தன என்பதைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இப்பொழுது நான் பார்வையிடச் செல்லுமிடங்களில் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.