பந்தியில் விடுபடுவது யார்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சயான் கோலிவாடா என்று தமிழர் கூடி வாழும் இடங்களில் கோயிலும் பள்ளிவாசலும் இருப்பது போலவே தமிழ்ச் சபைகளும் உண்டு. அந்தச் சபைகளின் ஜெபம், தர்மம், கூட்டு வாழ்வு பற்றி ஒரு பாடமாக எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். நான் தாராவிப் பக்கத்துச் சபை ஒன்றில் பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்தி வருகிறேன். வேத பாடம் என்றதும் மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கே சொல்லப்போவது சோறு, அரிசி, கணக்குப் புத்தகம் இவை பற்றித்தான். எந்த மதத்தாரும் படிக்கலாம்.

முன்னதாக ஒரு சொல் விளக்கம். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவானவரை 'ஐயர்' என்பார்கள். அவர் மனைவி 'ஐயரம்மா'. மாட்டுங்காவில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர், "நேற்று ஐயர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனார்" என்று சொன்னால், பக்கத்து வீட்டு மாமி "எந்த ஊர் ஐயர்?" என்று கேட்பது நியாயம்தானே! இனிப் பாடத்துக்கு வருவோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. எருசலேமில் முதல் சபை உருவாகிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருக்கும். உள்ளவர்கள் விற்றுக் கொண்டுவந்து கொடுக்க, இல்லாதவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. விதவைகளுக்கு அன்றாடம் பந்தி உண்டு. அந்தப் பந்தியில்தான் முறுமுறுப்பு எழும்பிற்று. எபிரெயர் வீட்டு விதவைகளுக்குக் கிடைக்கிறது, கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

இந்தக் கிரேக்க மொழிக்காரர்கள் யார்? அவர்களும் யூதர்களே. வெளிநாட்டு நகரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அவ்வூர்ப் பேச்சையே பேசிப் பழகி, பிறகு எருசலேமுக்கு வந்தவர்கள். புண்ணிய பூமியில் கண்மூட வேண்டும் என்று முதிர்ந்த வயதில் வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கணவன் இறந்துபோனால் அந்த அம்மாளுக்கு அங்கே அண்ணன் இல்லை, தம்பி இல்லை, ஊர்ப் பேச்சும் சரியாக வராது. பந்தியில் யாரும் அவளை வேண்டுமென்று தள்ளியதாக வேதம் சொல்லவில்லை. பெயர் தெரியாதவள், கேட்கத் தெரியாதவள், தானாக விடுபட்டுப் போனாள். மும்பையில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அப்போஸ்தலர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதிலும் நிக்கொலா அந்தியோகியா பட்டணத்தான். பிறப்பால் யூதனும் அல்லன், யூத மார்க்கத்தைத் தழுவியவன். அதாவது, யார் வீட்டு விதவை விடுபட்டாளோ அந்தப் பக்கத்தாரிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். சபை வரலாற்றில் இதைவிடப் புத்திசாலித்தனமான நிர்வாக முடிவு ஒன்றை நான் படித்ததில்லை. ஞாயிறு பள்ளியில் இந்த ஏழு பெயரையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவை ஏன் கிரேக்கப் பெயர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

இரண்டாவது இடம் பவுலின் காணிக்கைச் சேகரிப்பு. எருசலேம் சபை வறுமையில் இருந்தது. அந்தியோகியா, மக்கெதோனியா, கொரிந்து முதலிய தூரத்து இடங்களின் புதுச் சபைகள் பணம் சேர்த்து அனுப்பின. ஊரை விட்டு வந்தவன் ஊருக்கு மணியார்டர் அனுப்பியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கெதோனியர் தாங்களே தரித்திரர். கொரிந்தியருக்குப் பவுல் ஒரு முறை சொல்லிக் கொடுக்கிறார்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி வீட்டிலேயே எடுத்து வைக்க வேண்டும், அவர் வந்த பிறகு அவசர அவசரமாக வசூல் நடத்தக்கூடாது. பணத்தைக் கொண்டுபோகச் சபைகளே ஆட்களை நியமிக்க வேண்டும். பணம் பெரியது, யாரும் குறை சொல்ல இடம் தரக்கூடாது என்று அவரே வெளிப்படையாக எழுதுகிறார். எவ்வளவு பக்திமானாயிருந்தாலும் தனியாகப் பணப்பையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நமது மன்றங்களின் பொருளாளர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்கலாம்!

இந்த இரண்டு பாடங்களும் நம் சபைகளுக்குத் திருநெல்வேலி வழியாக வந்து சேர்ந்தன. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்பவர் முதலூரை ஏற்படுத்தினார். துன்பப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியரான இரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல் தர்ம சங்கம் தொடங்கியது. கஷ்டப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் ஏற்பாடு செய்வது அதன் வேலை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நம்மவர்களே தொடங்கித் தெலுங்கு நாட்டுக்குத் தங்கள் சொந்தச் செலவில் ஊழியரை அனுப்பினார்கள். வேதநாயகம் அசரியா அதில் முன்னின்றவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவரும் அவரே.

பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அடுப்படியிலிருந்து வந்தது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் அனுமதி வேண்டியதில்லை, கையில் காசு வேண்டியதில்லை. வாரத்துக்கொரு முறை கலயம் கோயிலுக்குப் போகும். சபை அதை விற்றுக் காசாக்கும், அல்லது இல்லாத வீட்டுக்கு அரிசியாகவே கொடுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கைப்பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளைக்கு 100 கிராம். மாதத்துக்கு 3 கிலோ. நாற்பது வீட்டுச் சபையில் 120 கிலோ. எந்த வீட்டிலும் ஒருவர் வயிறும் வாடியிராது.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதென்று நான் சொல்ல வரவில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டத்தை ஊர் ஊராக வற்புறுத்தியது மாட்டுங்கா அன்பர்களுக்குத் தெரிந்ததே. வடகிழக்கே மிசோரத்தில் 1910 முதல் சபைப் பெண்கள் இதே கைப்பிடி அரிசியால் ஊழியத்தைத் தாங்கி வருகிறார்கள். இஸ்லாமிய அன்பர்களுக்கு நாற்பதில் ஒரு பங்கு ஜக்காத் கடமை. தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இல் எழும்பியது, ஆதி திராவிடர் கட்டிய கணேசர் கோயில் 1913இல் எழும்பியது என்று சொல்வார்கள். தோல் பதனிடும் வேலைக்கு வந்த கூலிக்காரர்கள் தலைக்கொரு காசு போட்டு இப்படித்தானே எழுப்பியிருக்க முடியும்!

மும்பையில் கைப்பிடி அரிசி அப்படியே நடப்பதில்லை. பத்துக்குப் பத்துக் கோலியில் கலயம் வைக்க இடம் ஏது? ஆகவே ஒரு சின்ன டப்பா, அல்லது ஒரு கவர். கவரில் காசு. ஆனால் அறுப்பின் பண்டிகை மட்டும் ஊர்ப்படியே நடக்கிறது. வயலில்லாத நகரத்தில் சந்தையில் வாங்கிய தேங்காயும் வாழைத்தாரும் பூசணிக்காயும் பீடத்தண்டை குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். முப்பது ரூபாய்த் தேங்காய் முந்நூறுக்குப் போகும். எனக்கு ஏலத்தில் சந்தோஷமும் உண்டு, சங்கடமும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றும்போது, கையில் காசில்லாதவர் தலை குனிந்திருப்பதை நான் பார்க்கிறேன். கைப்பிடி அரிசியில் யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அதன் மேன்மை அங்கேதான் இருக்கிறது. ஏலம் முடிந்தபின் நடக்கும் அசனத்தில், அதாவது பொதுப் பந்தியில், எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதனால் மனம் ஆறிவிடுகிறது.

எல்லாரும் ஒரே வரிசையில் என்று எழுதிவிட்டேன். இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. தமிழ்நாட்டுச் சபைகளில் சாதி வெகு காலம் தனி வரிசை போட்டது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் உவில்சன் சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று கட்டளைக் கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். ரயிலேறி மும்பைக்கு வந்தபோது அந்தப் பழக்கம் முழுவதும் ஊரிலேயே இறங்கிவிடவில்லை. இன்ன ஊர்க்காரர், இன்ன வகையறா என்று இங்கேயும் கூட்டம் பிரிகிறது. கல்யாணப் பேச்சில் அது நன்றாகவே தெரியும். எபிரெய விதவை, கிரேக்க விதவை என்பது பழங்கதை என்று நினைப்பவர்கள், தங்கள் சபையின் உதவிப் பட்டியலில் எந்தத் தெருக்காரர் பெயர்கள் இல்லை என்று பார்க்கட்டும்.

எங்கள் சபையில் ஒரு குறிப்பேடு உண்டு. வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகும் பெண்கள் வைத்திருப்பது. ஜெபக் கூட்டம் என்றால் புதன் அல்லது வெள்ளி மாலை ஒரு வீட்டில் பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்து, இரண்டு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, அவரவர் பாரத்தைச் சொல்லி ஜெபிப்பது, கடைசியில் டீ. சொல்லப்படும் பாரங்களைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். ஒருவருக்கு ஆபரேஷன், ஒருவர் மகனுக்கு வேலை போய்விட்டது, ஒருவருக்கு வாடகை மூன்று மாதம் பாக்கி. அது ஜெபப் பட்டியல். சகாய நிதிப் பட்டியல் வேறு, அது கமிட்டியிடம் இருக்கும். நெடுநாள் இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை. ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டுவிட்டார்: "அண்ணாச்சி, ஆண்டவர்கிட்ட சொல்லுத பேரைக் கமிட்டிகிட்டயும் சொன்னா என்னவாம்?" அதன்பின் மாதத்துக்கொரு முறை இரு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஜெபத்தில் இருந்து உதவியில் இல்லாத பெயர்கள் நிறைய இருந்தன. ஒரு பட்டியலிலும் இல்லாதவர்கள்தான் பெரிய சிரமம்: சபைக்குள் மருமகளாக வந்த மராத்திப் பெண், தமிழ் வாசிக்கத் தெரியாமல் பின்வரிசையில் உட்காரும் இளைஞர், போன மாதம் ஊரிலிருந்து வந்து மாடியில் ஒண்டுக்குடித்தனமாக இருப்பவர். அவர்களுக்காகப் பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. தமிழ் அழிந்துபோகும் என்றார் ஒருவர். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கற்பிக்கும் வகுப்பும் நடக்கட்டும், தாளும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

2020இல் இந்தக் குறிப்பேடு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு, ஆலயங்கள் பூட்டப்பட்டன, ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். கூடிவர முடியாது, காணிக்கைப் பை சுற்ற முடியாது. தினக்கூலி வீடுகளில் இரண்டாம் வாரமே அரிசி தீர்ந்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்று பெண்களின் குறிப்பேடுதான் சொல்லிற்று. மாடிக் குடியிருப்பாளர் பலரை யாருக்கும் தெரியவில்லை. கீழ் வீட்டு இஸ்லாமியக் குடும்பத்தார் சொல்லித்தான் தெரிந்தது. அரிசி கொடுக்கும்போது அந்தக் கீழ் வீட்டுக்கும் சேர்த்தே கொடுத்தோம். அந்நிய ஊரில் மரணம் வந்தால் பெட்டி வாங்குவது, தாள்கள் எடுப்பது, சிவ்ரி கல்லறைத் தோட்டம் வரை கூடப் போவது, இவையெல்லாம் சபையார் தோள்மேல் நடக்கும் வேலைகள். அந்த மாதங்களில் தோள் கொடுக்கவும் நான்கு பேர் கூடுவது அரிதாயிருந்தது.

இப்போது வேறொரு கேள்வி வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1-1-2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகத் தாள் காட்டக்கூடியவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே வேறிடம். நல்ல வீடு கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் கைப்பிடி அரிசியும் புதன்கிழமை ஜெபமும் கால்நடையாகப் போகும் தூரத்தில் இருப்பவர்களை நம்பி நடப்பவை. மாடியில் இருப்பவர்தான் ஏற்கெனவே பட்டியலில் விடுபடுகிறவர். தூரமாகப் போகப்போகிறவரும் அவரே. குறிப்பேட்டுக்காரப் பெண்கள் போன மாதம் புது நோட்டு வாங்கினார்கள். பெயர், தெரு, பாரம் என்ற மூன்று கட்டங்களோடு நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டிருக்கிறார்கள்: வீடு மாறினால் யாரிடம் கேட்டால் விவரம் தெரியும்.