டயர் வெடித்தால் யாரிடம் கேட்பது?

டயர் கடைத் தகராறில் வாடிக்கையாளர் பெரும்பாலும் கடைக்குப் போவதற்கு முன்பே தோற்றுவிடுகிறார். காற்று இறங்கிய டயரிலேயே வண்டியை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை வரைக்கும் போவார். அதற்குள் டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள் நசுங்கி ரப்பர் பொடியாக உதிர்ந்திருக்கும். ஆணி குத்தியதா, வால்வு கசிந்ததா, தயாரிப்பிலேயே கோளாறா என்று அதன் பிறகு கண்டுபிடிப்பது மிகவும் கடினம். ‘காற்றில்லாமல் ஓட்டப்பட்டது’ என்று ஒரே வரியில் எழுதிக் கதையை முடித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு பில்லும் வீட்டில் அகப்படாது. இந்த நிலையில் கடை வாசலில் எவ்வளவு சத்தம் போட்டாலும் பலனில்லை.

அதனால் டயர் வாங்கும் நாளிலிருந்தே தொடங்குவோம்.

வாங்கும்போது

‘பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன் சார்’ என்பது டயர் கடைகளில் புதிதல்ல. அந்தக் குறைப்புக்கு ஆசைப்பட்டால் டயரின் உத்தரவாதத்தையே விற்றுவிட்டதாக அர்த்தம். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் ‘டயர் 2’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. டயரின் பெயர், அளவு, வரிசை எண், வண்டி எண், அன்றைய கிலோமீட்டர் எல்லாம் இருக்க வேண்டும். வெப்பத்தில் அச்சடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய கையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தயாரிப்புத் தேதி. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3124 என்றால் 2024ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். ரிம்மில் ஏற்றிய பிறகு அந்தப் பக்கம் வண்டிக்கு உள்புறமாகப் போய்விட்டால் குனிந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு வருடப் பழைய டயர் என்பதாலேயே அது கெட்ட டயர் ஆகிவிடாது. நிழலில், முறையாக வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்தைத் தயாரிப்புத் தேதியிலிருந்தே கணக்கிடுகின்றன. பழைய சரக்கென்றால் உங்களுக்கு வர வேண்டிய மாதங்கள் கடையின் கிடங்கிலேயே கழிந்திருக்கும். வேறு டயர் கேளுங்கள், இல்லையென்றால் விலையில் கேளுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையில் சந்தேகம் வந்தால் அதோடு இருக்கும் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பாருங்கள். புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. தேய்ந்த டயரில் புதிதாகக் கோடு கீறி, சாலையில் படும் மேடுகளான ‘பட்டன்’ இருப்பதுபோலக் காட்டும் வேலையும் உண்டு. அங்கே கிளைம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு விஷயத்தில் கடைக்காரரின் ‘இதுவும் பொருந்தும் சார்’ என்ற சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள். 185/65 R15 88H என்று உங்கள் கார் கையேட்டில் இருந்தால் கடைசியில் வரும் 88 என்பது அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை. அகலமான டயர் அழகாகத் தெரிகிறது என்று கார் நிறுவனம் சொல்லாத அளவுக்கு மாறினால், நாளைக்குத் தகராறு வரும்போது எதிர்த்தரப்புக்கு முதல் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

ஏற்றும் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். கடைக்காரர்கள் ‘நெக்’ என்று சொல்லும் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அது இருக்க வேண்டும். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக அமரவில்லை. நட்டுகளை இயந்திரத் துப்பாக்கியாலேயே இறுக்கி முடித்துவிட்டால், கடைசி இறுக்கத்தை டார்க் ஸ்பேனரில் வைக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் பார்த்தால் அச்சடித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் அந்தத் தாள் பேசும்.

சாலையில் டயர் போனால்

வேகத்தில் போகும்போது வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு ஓரங்கட்டுங்கள். உயிர் முதலில், கிளைம் பிறகு. ஆனால் ஓரங்கட்டிய இடத்தில்தான் கிளைமும் தொடங்குகிறது. அங்கேயே ஸ்டெப்னி மாற்றுங்கள். முடியாவிட்டால் வண்டியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கழற்றும் முன் டயர், ரிம், கிலோமீட்டர் காட்டும் பலகை, சாலைப் பள்ளம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மற்ற மூன்று டயர்களின் காற்றழுத்தத்தையும் முடிந்தவரை சீக்கிரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் காற்று ஒழுங்காகப் பார்க்கிறவர் என்பதற்கு அது ஆதாரம். பிய்ந்து விழுந்த ரப்பர் துண்டைப் போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்து எடுக்க முடிந்தால் எடுத்து வையுங்கள். அதற்காக நெடுஞ்சாலையின் நடுவே ஓட வேண்டாம்.

பஞ்சர் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்மையாக உழைப்பவர்களே அதிகம். ஆனாலும் ஒரு ஆணிக்காகப் போனவரிடம் ‘ஏழு ஓட்டை இருக்கு சார்’ என்று சொல்லும் இடங்களும் நெடுஞ்சாலையில் உண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வரும் இடத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். சாக்பீஸால் குறிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கவிடுங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒட்டக் கூடாது.

டயர் என்ன சொல்கிறது

சண்டை போடுவதற்கு முன் யாரோடு சண்டை என்று தெரிய வேண்டும். தயாரித்தவரா, ஏற்றியவரா, சாலையா, நாமா? டயரை ரிம்மிலிருந்து கழற்றி வெயிலில் வைத்து உள்ளும் புறமும் பார்த்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

பக்கச்சுவரில் முட்டை போல வீங்கியிருந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. பெரும்பாலும் பள்ளத்திலோ வேகத்தடையிலோ நடைபாதை விளிம்பிலோ மோதியதால் வந்தது. ரிம்மின் விளிம்பும் அதே இடத்தில் நெளிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தகராறுகளில் பெரும் பங்கு இந்த வீக்கத்தால்தான் வருகிறது, இதில் கடைக்காரர் சொல்வதே பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. மோதிய அன்றைக்கே வீங்க வேண்டும் என்பதில்லை, சில வாரம் கழித்தும் தெரியும். ‘நான் எங்கேயும் இடிக்கவே இல்லை’ என்று வாடிக்கையாளர் மனதார நம்பிச் சொல்வது அதனால்தான்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சமிருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பக்கச்சுவரின் உட்புறம் வட்டமாக ஒரு கோடு போலக் கறுத்து ரப்பர் உரிந்திருந்தால் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது.

காற்றைப் பொறுத்தவரை ஒரு தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது. பக்கச்சுவரில் எழுதியிருப்பது அதிகபட்ச அழுத்தம். நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடி டயர் சூடாகும் முன் அதை அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களைப் பார்த்து ‘காற்று அதிகம், அதான் வெடிச்சிடுச்சு’ என்பார்கள். பல சமயம் உண்மை அதற்கு நேர்மாறு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது, அந்த மடக்கத்தில்தான் சூடு ஏறுகிறது. கூடவே பாரமும் வேகமும் சேர்ந்தால் உள்ளடுக்குகள் பிரிகின்றன.

சரி, நிறுவனத்தின் மேல் எப்போது சந்தேகப்படலாம்? பட்டன் நிறைய இருக்கும்போதே, வெட்டோ அடியோ காற்றுக் குறைவின் தடமோ இல்லாமல், மேல்பட்டை உள்ளிருக்கும் இரும்புப் பட்டையிலிருந்து தகடாக உரிந்து வந்தால். பக்கச்சுவரில் ரப்பர் இணைந்த கோட்டிலேயே திறந்துகொண்டால். பேலன்சிங் செய்தும் புது டயர் வட்டமாக ஓடாமல் குலுங்கினால். ரிம்மைக் கவ்வும் ஓரத்தில் கம்பி தெரியும்படி கிழிந்திருந்தால் மட்டும், சமீபத்தில் ஏற்றிக் கழற்றிய கடையைப் பாருங்கள். கடப்பாரை போன்ற நெம்புகோலின் தடம் அங்கே பளிச்சென்று தெரியும்.

கடையில்

புது காரோடு வந்த டயரா, கடையில் வாங்கியதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கார் நிறுவனத்தின் உத்தரவாதம் பொதுவாக டயருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. டயர் நிறுவனத்தின் டீலரிடம்தான் போக வேண்டும். வண்டி பில் அங்கே போதும்.

‘டயரை வெச்சுட்டுப் போங்க அண்ணே, கம்பெனிக்காரர் வந்ததும் போன் பண்றேன்’ என்பார்கள். வெறுங்கையோடு திரும்பாதீர்கள். வரிசை எண், ஒப்படைத்த தேதி, மீதமுள்ள பட்டன் ஆழம், புகாரின் தன்மை எல்லாம் எழுதிய கிளைம் ரசீது வேண்டும். அதுவும் இல்லையென்றால் டயரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதே மேல். நிறுவனத்தின் சேவைப் பொறியாளர் பார்க்கும் நாளில் நீங்களும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கிளைமை மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணம் என்ன என்று அதில் இருக்க வேண்டும். திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று டயர் ஆலைகள் நம் பக்கத்திலேயே இருந்தாலும் ஆலை வாசலுக்குப் போய் ஒன்றும் நடக்காது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் போடுங்கள், படங்களோடு.

மின்னஞ்சலில் கோபம் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: ‘இந்தத் தேதியில் இந்தக் கடையில் இந்த வரிசை எண் டயரை வாங்கினேன். இத்தனை கிலோமீட்டர் ஓடியது. இந்த நாளில் மேல்பட்டை பிரிந்தது. மோதல் தடமோ பஞ்சரோ இல்லை. பில்லும் படங்களும் இணைத்துள்ளேன். 15 நாளுக்குள் ஆய்வு செய்து முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்.’

கிளைம் ஏற்கப்பட்டால் இலவச டயர் வரும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். தேய்ந்த அளவுக்குப் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். புதிதில் 8 மில்லிமீட்டர் ஆழம் இருந்தது, 1.6 மில்லிமீட்டர் வந்தால் டயர் காலாவதி என்று வைத்தால் பயன்படுவது 6.4. இப்போது 4.8 இருந்தால் மிச்சம் 3.2, அதாவது பாதி. புது டயரின் விலையில் பாதியைக் கட்டி வாங்குவீர்கள். எந்த விலையில் பாதி என்பதைக் கேளுங்கள். பில் விலைக்கும் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கும் உள்ள வித்தியாசம் கணிசமாக இருக்கும். ஆழத்தை நாலு இடத்தில் அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்சூரன்ஸை அதிகம் நம்ப வேண்டாம். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் எதுவும் கிடைக்காது. விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதி வரை வரும். அதே சமயம், டயர் வெடித்தது தெய்வச் செயல் என்று சொல்லி விபத்து இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க முயன்ற காப்பீட்டு நிறுவனத்தின் வாதத்தை 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வெடிப்புக்குக் காரணம் மனிதக் கவனக்குறைவுதான் என்றது.

அதற்கும் மேலே

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். செலவில்லை. பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் இணையவழியாகவும் பதியலாம். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

வாடகை வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் சொந்த ஆட்டோவையோ டாக்ஸியையோ தானே ஓட்டிப் பிழைப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். கடை, தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

தயாரிப்புக் கோளாறு என்று நீங்கள் சொல்வதும் இல்லை என்று அவர்கள் சொல்வதும் வாய்ச்சொல்தான். பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறை என்றால் ஆணையம் அந்தப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோதனைக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். எனவே வழக்கு முடியும்வரை டயரை வெயில் படாத இடத்தில் சாக்கில் சுற்றி வையுங்கள். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாமல் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.